ஜோடி ஸ்டாப்வாட்ச்

கறுப்புக் கயிறு கோத்த ஸ்டாப்வாட்ச் ஒன்று என் தையல் பெட்டியில் கிடக்கிறது. நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது போர்மேன் அண்ணன் கொடுத்தது. இதற்கு ஜோடி அவரிடம் இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்திய சீசன் அது. வெடிக் குழாய் சுற்ற வரும் பழைய பேப்பரில் ஒன்றை உருவி, சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அன்று அணுக் கடிகாரம் பற்றி வந்திருந்தது. மின்னேற்றம் பெற்ற ஒற்றை அணுவை அசையாமல் பிடித்து வைத்து, லேசர் ஒளியால் நேரம் அளக்கிறார்களாம். ஒரு கடிகாரத்தில் அலுமினிய அணு, இன்னொன்றில் பாதரச அணு.

"வெடிக்குப் போடுற அலுமினியத் தூளு நம்ம மூஞ்சில அம்புட்டு அப்பியிருக்கு. அவுக ஒத்தைத் துணுக்க வச்சு மணி பாக்காக" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

"அது சரியா ஓடுதான்னு எதை வச்சுண்ணே பாப்பாக?" என்று கேட்டது நான்தான். வாயே திறக்காதவள் கேட்டதில் அவருக்கு ஆச்சரியம். பேப்பரை மறுபடி பார்த்தார்.

"அதைவிட ஒசத்தி எங்கன இருக்கு? ரெண்டையும் ஓடவிட்டு, எம்புட்டு விலகுதுன்னு பாக்காக."

மறுநாளே இந்த ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்தார். ஒரே திரி எரியும் நேரத்தை இருவரும் அளக்க வேண்டும். ஒருவர் வாட்சை மற்றவர் பார்க்கக் கூடாது. திரி ஐந்து விநாடியாவது எரிந்தால்தான் பற்றவைத்தவர் விலக முடியும். அவர் "அஞ்சு" என்பார். நானும் "அஞ்சுதாண்ணே" என்பேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

ஒரு கட்டுத் திரிக்கு மட்டும் என் வாட்ச் மூன்றரை காட்டியது. அவர் "அஞ்சு" என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற என் கைதான் தவறியிருக்கும் என்று எண்ணினேன். "எனக்கும் அஞ்சுதாண்ணே."

அந்தத் திரி வைத்த வெடியை மாதிரிக்கு அவரே பற்றவைத்தார். ஐந்து விநாடியை நம்பி நிதானமாகத்தான் நிமிர்ந்தார். ஊதுபத்தி பிடித்த கை இன்னும் பக்கத்தில் இருந்தது. இரண்டு விரல்கள் போயின. பிறகு அவர் வாட்சைப் பிரித்தபோது, நிறுத்தும் பொத்தானில் அலுமினியத் தூள் ஏறிச் சிக்கியிருந்தது; அமுக்கியும் பிந்தித்தான் நின்றிருக்கிறது.

ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஒன் வாச்சுல எம்புட்டு காட்டுச்சு, தங்கச்சி?"

"மூணரைண்ணே."

கட்டைப் பார்த்தபடி, "ஒத்துப் பாடவா ஒன்னைய அங்கன நிப்பாட்டுனேன்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் வேலைக்குத் திரும்பவில்லை. நான் போனேன், வேறு வழியில்லை. அதன் பிறகு வந்த போர்மேன்கள் வாய் திறக்கும் முன்பே என் எண்ணைச் சொல்லிவிடுவேன். "அக்காவுக்கு என்ன அவசரம்" என்று கேலி செய்வார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை.

இப்போது முழங்கால் வலி. கம்பெனி வேன் ஏறி வேலைக்குப் போவது நின்றுவிட்டது. ஊசி தேடும்போது ஸ்டாப்வாட்ச் கையில் அகப்படும். அமுக்கிவிட்டு எண்கள் ஓடுவதைப் பார்ப்பேன். மூன்றரையில் நிறுத்தி, யாருமில்லாத வீட்டில் சத்தமாகச் சொல்வேன்: "மூணரைண்ணே."