துறைமுகத்தில் படகு இல்லை

அந்தப் பழைய ஜப்பானியப் படத்தின் முடிவில் நடந்தவை:

1. கூலிக்குக் கொலை செய்பவன் வேலையை முடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வருகிறான்.
2. அவனை ஏற்றிப்போவதாகச் சொன்ன படகு அங்கே இல்லை.
3. மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்து தோடம்பழம் உரிக்கிறான். அவசரமில்லாமல், தோல் அறாமல்.
4. வேலை கொடுத்தவனின் ஆட்கள் பின்னால் வருகிறார்கள். அவன் திரும்பவில்லை.
5. வெடிச்சத்தம். பிறகு கடல் மட்டும்.

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் லாசாலில், வீட்டில் ஒரு ஞாயிறு பின்னேரம் அப்பாவும் நானும் அதைப் பார்த்தோம். படத்தைப் பிரெஞ்சுக்கு மாற்றியிருந்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்பாவுக்குப் பொன்ஜூர், மெர்சி என்று வணக்கமும் நன்றியும் சொல்வதற்கு மேல் வராது. அந்தப் படத்துக்கு அது போதும்.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அப்பாவின் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று டாக்டர் பிரெஞ்சில் சொன்னார். எங்கள் வீடுகளில் இதை நோயாளியிடம் சொல்லும் வழக்கமில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கப்போகிறார்களாம் என்று அண்ணன் அப்பாவிடம் தமிழில் சொன்னான். டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா சிரித்து, மெர்சி என்றார். வெளியே வந்ததும், வாயைத் திறக்காதே என்று அம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

படம் முடியும் நேரம், கொலைகாரனின் காலணியைக் காட்டி, "சப்பாத்தைப் பார், பிள்ளை," என்றார் அப்பா. "சாகிறதுக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்."

படகு வராதென்று அவனுக்குத் தெரியாதே என்றேன்.

"தெரியும். தெரியாட்டித் திரும்பிப் பாத்திருப்பான்." தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "டொக்டர் என்ன சொன்னவர்? கொண்ணன் சொன்னதை விடு."

நான் மென்பொருள் பரிசோதிப்பவள். ஓடாத நிரலை ஓடுகிறது என்று எழுதிப் பழக்கமில்லை.

"இனி மருந்து இல்லையாம், அப்பா. நோவுக்கு மட்டும் தருவினமாம்."

சோப்பு விளம்பரம் ஒன்று முடியும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியுமெண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. அவ தாங்கமாட்டா."

இப்போது வரவேற்பறையில் சோபா இருந்த இடத்தில் கட்டில் போட்டிருக்கிறோம். நோவு மருந்தைப் புது மருந்து என்று சொல்லி அம்மா கொடுக்கிறார். கொஞ்சம் சுகம் போலக் கிடக்கு என்று அப்பா சொல்கிறார். அண்ணன் வந்து, முகம் தெளிஞ்சிருக்கு என்கிறான். நான் மிஞ்சிய கஞ்சியை எடுத்துப்போய்க் கொட்டுகிறேன். அப்பா இப்போது கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார், அதுவும் பாதி.