அம்மா அடையாளம் கண்ட மெட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் சினிமாப் பாட்டு வாசிப்போம். குழுவை நடத்தியவர் கிளாரினெட் வாசிப்பவர். எல்லோரும் அவரை பாய் என்போம். கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடைக்கு மேலிருந்த அவர் அறையில்தான் ஒத்திகை நடக்கும்.

"மாப்ள, ஒனக்குத்தான் நோட்ஸ் எழுதத் தெரியும்ல? கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு நமக்குன்னு சொந்தமா ஒண்ணு போடு. இம்புட்டுப் பேரு இருக்கோம்ல" என்றார் ஒருநாள்.

சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஒருவரிடம் அப்போது நொட்டேஷன் கற்றுக்கொண்டிருந்தேன். கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளை மாற்றிக்கொண்டே போகாமல், ஒரே ஸ்கேலுக்குள் தங்கி முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதலாம் என்று அவர்தான் காட்டினார். அதில் ஒன்றை அவர் பிரிஜியன் என்பார். எனக்கு அது தோடியின் சுரங்களாகத்தான் கேட்டது. ஸ-வை ஒட்டியே நிற்கும் அந்தச் சின்ன ரி என்னை விடவில்லை. பாய் கேட்டதை அதில்தான் எழுதினேன். பேஸ் கிட்டார் ஸ-வை மட்டும் பிடித்திருக்க, வயலின்கள் மெல்லச் சேர்ந்துகொள்ளும். பிறகு கிளாரினெட் தனியாக ம வரை ஏறி இறங்கி, சின்ன ரியில் தயங்கி, ஸ-வில் விழும். மற்றதையெல்லாம் அடித்து அடித்துத்தான் எழுதினேன். அந்த கிளாரினெட் மெட்டு மட்டும் யோசிக்காமலே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லூர் வீட்டில் அதை வயலினில் வாசித்துப் பார்த்தேன். உள்ளே அம்மி அரைக்கும் சத்தம் நின்றது. அம்மா மசாலா கையோடு வந்து நின்றாள்.

"இத யாருகிட்டக் கேட்ட?"

"யாருகிட்டயும் இல்லம்மா. நானாப் போட்டது."

"இல்ல. இது அவ இழுக்குறது."

"எவம்மா?"

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். கோச்சடையில் நாங்கள் விவசாயம் பார்த்த காலத்தில், எனக்கு இரண்டு வயது ஆகும் முன்பே காய்ச்சலில் செத்துப்போனாள். நான் அறிந்தது அவ்வளவுதான். போட்டோ கிடையாது. அவள் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"ஒன்னய இடுப்புல வச்சுக்கிட்டு வாய்க்கா கரையில இதத்தான் இழுத்துக்கிட்டுத் திரிவா. வார்த்தையே இருக்காது, வெறும் ராகந்தான்" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி, "அவ இன்னும் போகலையாடா?" என்று கேட்டாள்.

 அன்றிலிருந்து அக்காவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றேன். முகம் வரவில்லை, இடுப்பு வரவில்லை, வாய்க்காலும் வரவில்லை. மெட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில், குளிக்கும்போது, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதுகூட.

பயந்துபோய் சின்ன ரியை எடுத்துவிட்டுப் பெரிய ரியைப் போட்டேன். ஒத்திகையில் பாய் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"என்னத்தப் பண்ணி வச்ச? உசிரே போயிருச்சு மாப்ள."

நடந்ததைச் சொன்னேன். அவர் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "அம்மாகிட்டக் கேளு. அவுக வேணாம்னா விட்ருவோம்" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். மறுநாள் சோறு போடும்போது, "நீ வாசிச்சது பாதிதான். அவ அதோட நிப்பாட்ட மாட்டா" என்று தன் கரகரத்த குரலில் மீதியை இழுத்துக் காட்டினாள். அது ஸ-வுக்கும் கீழே நி-யில் போய் நின்றது. அந்த நி என் விரலுக்கு அகப்படவே இல்லை. எந்த ஸ்கேலிலும் இல்லாத இடத்தில் இருந்தது. சின்ன ரியைத் திரும்பப் போட்டு, தாளில் வெறும் நி என்று எழுதி, "கொஞ்சம் தாழ்த்தி ஊதுங்க பாய்" என்று சொல்லிவைத்தேன்.

செல்லூர்த் திருவிழா மேடையில் அதை வாசித்தோம். கச்சேரிக்கு வந்தே பழக்கமில்லாத அம்மா, டீக்கடை ஓரம் பெண்களோடு நின்றிருந்தாள். கிளாரினெட் தனியாக எழுந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. "பாட்டப் போடுங்கய்யா!" என்று கத்தினார்கள். முதல் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அம்மா போய்விட்டாள்.

"அந்த ஊதுன ஆள ஒருநா சாப்பிடக் கூட்டிட்டு வா" என்று மறுநாள் சொன்னாள்.

பாய் வந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் போதும் என்று கையால் மறித்தபோது, "ஊதுறப்ப மூச்சு முட்டாதாய்யா?" என்று கேட்டாள்.

"பழகிப்போச்சும்மா."

"அவளுக்கு முட்டுச்சு. கடைசியில."

பாய் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதன்பிறகு அந்த இசையை நாங்கள் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை.

எழுதுவதை மட்டும் நான் விடவில்லை. எதை எழுதினாலும் முதலில் அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது அவ இல்ல" என்பாள். அப்போது அவள் முகத்தில் தெரிவது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.