ஒரு கோடு தள்ளி

இன்று காலை பருப்பு வேகவில்லை. மூன்று விசிலுக்கு அடுப்பை அணைத்தேன். "ரெண்டுதான் வந்துது. மொதல்ல வந்தது வெறும் சீறல்" என்றாள் மனைவி. மாத்திரை, மாடிப்படி, எதிர்வீட்டு வாசல் செருப்பு என்று எல்லாவற்றையும் எண்ணுகிறவனிடம் இப்படிப் பேசலாமா? பேசலாம். விசில் எண்ணுவதில் என் மேல் பழைய வழக்கு ஒன்று உண்டு.

டிப்ளமா முடித்து, திருப்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் சித்தூர் போய் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். மூன்று மாதம் கழித்து நிரந்தரம் என்று பேச்சு. எழுபத்தொன்பதாம் நாள் முதலாளி சிக்னல் ஜெனரேட்டரை என் பக்கம் தள்ளினார். ரேடியோ முள்ளைச் சரியான எண்ணில் நிறுத்த உதவும் பெட்டி அது. அதன் டயலே பிசகியிருந்தது.

"ஒழுங்கா வெச்சிட்டின்னா வேலை உனக்குத்தான் சாமி. கெடுத்தா திருப்பதி பஸ்ஸுதான்."

வேலை எளிது. கிறிஸ்டல் பொருத்திய இன்னொரு பெட்டி நூறு நூறு கிலோசைக்கிள் இடைவெளியில் பிசகாத அலைகளைத் தரும். ஜெனரேட்டரின் அலை அதில் ஒன்றை நெருங்கும்போது ரிசீவர் விசிலடிக்கும். இரண்டும் ஒன்றானதும் விசில் அடங்கும். அங்கே பென்சில் கோடு. அறுநூறு எது என்று முதலாளியே காட்டிவிட்டார். அதற்கடுத்த விசில் ஒன்று என்றால் எழுநூறு, இரண்டு என்றால் எண்ணூறு.

நானோ பஸ் ஸ்டாப் எண்ணிப் பழகியவன். ஏறுகிற திருப்பதிதான் எனக்கு ஒன்று. பெருமாள் ஊரை விட்டுவிட்டு எண்ண வாய் வராது. அதே பக்தியோடு அறுநூறிலேயே 'ஒன்று' என்று தொடங்கி, அங்கே எழுநூறு என்று எழுதினேன். அதிலிருந்து எல்லா எண்ணும் ஒரு கோடு தள்ளிப்போனது. அந்த டயலை நம்பி ஒன்பது ரேடியோக்களைத் திருத்தினேன்.

விஜயபுரத்து விவசாயி ஒருவர் தன் ரேடியோவைத் திரும்பத் தூக்கி வந்தார். "ஏம்பா, மெட்ராஸு ஒரு கோடு தள்ளி வருது. ஊரையே பேத்து வெச்சிட்டீங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அறுநூறை விட்டுவிட்டு எண்ணியிருக்க வேண்டும். முதலாளி கடையிலிருந்த மற்ற எட்டையும் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் சென்னை அதே இடத்தில் பாடியது.

"பாத்துக்கினியா? ஒம்போதும் ஒரே மாதிரி சொல்லுது. ஒம்போதுமா பொய் சொல்லும்?"

"அப்போ இத்தினி வருசமா நான்தான் தப்பா கேட்டுக்கினு இருந்தேனா?" என்றபடி விவசாயி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் முதலாளி தன் வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்தார். "நம்ம வூட்டுது மட்டும் வேற எடத்துல பாடுது. சரி பண்ணு சாமி."

அந்தக் கடைக்குள் சரியாக இருந்த ஒரே ரேடியோ அதுதான். சொன்னால் பஸ். அதையும் ஒரு கோடு தள்ளி வைத்தேன். அன்று மாலையே நிரந்தரமானேன்.

இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். முள்ளும் கோடும் போன இடம் தெரியவில்லை. கடைசிவரை சென்னையை ஒரு கோடு தள்ளியே கேட்ட முதலாளியும் போய்விட்டார். உண்மையைச் சொல்லலாம் என்று பார்த்தால், வேலையிலிருந்து நீக்க ஆளில்லை.