நாலு விரல் தண்ணீர்

என் கணக்கு தப்பிய இடங்களையும் எண்ணி வைத்திருக்கிறேன். பெரிய தப்புகள் பதினொன்று. இரண்டாவது, போர்ட் பிளேரில் பக்கத்து வீட்டுக்காரரின் படகு விஷயத்தில் நடந்தது.

அறுபதுகளில் நான் மரைன் ஹில்லில் குடியிருந்த அரசாங்க குமாஸ்தா. பக்கத்து வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து மீனவர். மாசியில் கப்பலில் வந்து இறங்கியவர், பங்குனியிலேயே சொந்தப் படகு கட்ட ஆரம்பித்தார். கரையில் பாசி ஒதுங்கியிருந்த கோட்டைப் பார்த்து, கடல் தினமும் இதுவரை வரும் என்று எண்ணி அங்கேயே அடிமரம் போட்டார். அவர் ஊரில் கடல் முழங்கால் அளவுகூட ஏறி இறங்காது. இங்கே ஆள் உயரத்துக்கு மேல். அந்தப் பாசி, பங்குனியிலும் புரட்டாசியிலும் மட்டும் வரும் பெரிய ஏற்றம் விட்டுப்போனது. நடுவில் தண்ணீர் வராததை, வேலைக்கு வசதி என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

புரட்டாசி பிறந்தது. படகு முடிந்தது. தண்ணீர் எட்டடி தள்ளி நின்றது. இடையில் பவளப்பாறை, இழுத்தால் அடிமரம் பிளந்துவிடும்.

"ஹாத்தி மங்காவோ!" என்று வங்காளிக் கடைக்காரர் சிரித்தார். மரம் இழுக்கும் யானையைக் கூப்பிடச் சொல்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் ஒரு வானியல் புத்தகம் இருந்தது. நான்கு முறை படித்திருந்தேன்.

"ஆதியில எல்லாம் மெல்லிய புகை மாதிரி பரவிக் கிடந்தது அண்ணாச்சி. ஒரு துளி பக்கத்துத் துளியை இழுத்தது. அப்படித் திரண்டதுதான் சூரியன், பூமி, நிலா எல்லாம். அதே இழுப்புதான் இந்தத் தண்ணியையும் தூக்குது. பௌர்ணமியில மூணும் ஒரே கோட்டுல நிக்கும். அன்னிக்குக் காலையில பத்து மணிக்குப் படகு மிதக்கும்."

"புகை பூமியாக எம்புட்டு நாளாச்சு சார்?"

"கோடிக்கணக்கான வருஷம்."

"படகுக்கு மட்டும் பத்து மணியாக்கும்?" வலை பின்னிக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமல் கேட்டார்.

பௌர்ணமியன்று முப்பத்தேழு பேர் கூடினார்கள். ஜெபம் முடிந்தது. தண்ணீர் ஏறி, படகு மிதக்க வேண்டிய உயரத்துக்கு நான் மூங்கிலில் போட்டு நட்டிருந்த குறிக்கு நாலு விரல் குறைவாக நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

"சார், உங்க நிலா இன்னிக்கு லீவு போட்டிருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

படகுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "இத விட்டா பங்குனிதான். அதுக்குள்ள வெயில்லயும் மழையிலயும் பலகை வாய் பிளந்துரும். நாளைக் கழிச்சு ஆள் வருது. படகைக் கழட்டிருதேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தேன். நிலா தேய ஆரம்பித்தாயிற்று. தண்ணீரோ இரண்டு விரல்தான் குறைவு. வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தைப் பிரித்தேன். நான்கு முறையும் நான் தாண்டிப்போன அடிக்குறிப்பு, பொடி எழுத்தில்: இழுப்பு உடனே வந்துவிடும்; ஆனால் கடல் கனமானது, தரையிலும் தீவுகளிலும் உரசிக்கொண்டு வருவதால் பெரிய ஏற்றம் ஓரிரு நாள் பிந்தும்.

"நாளைக்குப் பதினொன்றரை வரை பொறுங்க அண்ணாச்சி."

அவர் மனைவிதான் சொன்னார்: "கோடி வருசக் கணக்கு சொன்ன மனுசன் ஒரு நாள் கேக்காரு. குடுங்களேன்."

மூன்றாம் நாள் ஐந்தே பேர். அதில் இருவர் கடப்பாரையோடு வந்த கூலிக்காரர்கள். தண்ணீர் குறியைத் தொட்டது. அதற்கு மேலும் ஒரு விரல் ஏறியது. படகின் பின்பக்கம் மெல்ல அசைந்தது. கடப்பாரைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் தோள் கொடுத்தோம். பாறையில் உரசாமல் படகு நழுவிப் போய் மிதந்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மணி என்ன சார்?" என்று அவர் மனைவி கேட்டார்.

"பதினொன்று இருபத்தாறு."

"அப்ப இன்னிக்கும் நாலு நிமிசம் தப்புதான்."

அந்த நாலு நிமிடத்துக்குக் காரணம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.