அம்மாவுக்குப் புரிந்த பிறகுதான் கடலை

ஒரகடம் தொழிற்சாலை வாசலில் அவித்த வேர்க்கடலை வாசனை வந்ததும், மண்ணூரில் எங்கள் வீட்டுக்குள் நடந்த வகுப்பு ஞாபகம் வந்தது. 1991-இல், பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டாமென்று அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். வீட்டிலிருந்தே பத்தாவது தேறாவிட்டால் கல்யாணம் என்றார். எழுத்தே தெரியாத அம்மா, பக்கத்துத் தெரு ஸ்டெல்லா அக்காவைக் கணக்குச் சொல்லித்தரக் கூட்டிவந்தாள். கடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடவே உட்காருவாள்.

"இன்னா ஸ்டெல்லா, எனக்கே புரியல. அவளுக்கு இன்னா புரிஞ்சிருக்கும்? இன்னொருவாட்டி சொல்லு."

"பரீட்சை உங்களுக்கா, அத்தை?" என்று சிரித்துக்கொண்டே அக்கா மறுபடி சொல்வாள். அம்மா தலையாட்டிய பிறகுதான் தட்டு எங்களிடம் வரும்.

தேறினேன். அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: "நாங்க பாசாயிட்டோம்!"

வாசலில் கடலையைப் பெரிய பொட்டலமாக வாங்கிக்கொண்டு தொழிற்சாலைக்குள் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இன்று வகுப்பெடுப்பது நான்.