முதலில் தாயிடம் சொல்லுங்கள்

எங்கள் அக்கா தெமோதரைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை முடித்ததும், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தார். நன்றாகச் சமைப்பார், கோபம் வந்தால் அதைவிட நன்றாகப் பேசுவார். அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அத்தானைத் திருமணம் செய்தார்.

முதல் பிள்ளை உண்டானபோது பதுளைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்று டொக்டர் அத்தானையும் அம்மாவையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அக்காவிடம் சொல்ல வேண்டாமென்று இருவரும் முடிவு செய்தார்கள். லயம் முழுவதும் செய்தி பரவியது. அக்காவுக்கும், சிறுமியாக இருந்த தங்கை எனக்கும்தான் தெரியாது. அக்கா கம்பளி நூலில் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

பெண் குழந்தை. பிறந்த சிறிது நேரத்தில் இறந்தது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ஆண்கள் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். "எல்லாரும் தெரிஞ்சுகிட்டே என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருக்கீங்க," என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அத்தானோடு குடும்பம் நடத்தினார், மகனைப் பெற்று வளர்த்தார். ஆனால் அந்தக் கோபம் மட்டும் போகவேயில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கர்ப்பகாலச் சிக்கல்களையும் பிறந்த குழந்தைகளின் நிலையையும் ஆராய மருத்துவக் குழுவொன்று ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு வந்தது. சிங்களமும் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருவரைத் தேடினார்கள். அக்கா போனார். "ஸ்கேன்ல என்ன தெரிஞ்சாலும் மொதல்ல தாய்கிட்டதான் சொல்லணும். அதுக்குச் சம்மதம்னா வாறேன்," என்றார். வேலை கேட்டுப் போன இடத்தில் நிபந்தனை போடும் துணிச்சல் எங்கள் வீட்டில் அவருக்கு மட்டுமே இருந்தது. குழுவினர் சம்மதித்தார்கள்.

அப்புத்தளைப் பக்கத்துப் பெண் ஒருவரின் வயிற்றுக் குழந்தைக்கு இருதயத்தில் குறை தெரிந்தது. அவருடைய மாமியார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிறாதீங்க தங்கச்சி, தாங்க மாட்டா."

"சொமக்கிறது அவதானே பெரியம்மா. அவளுக்குத் தெரியாம எப்படி?"

பிறகு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டொக்டர் சிங்களத்தில் சொன்னதை எதையும் குறைக்காமல் தமிழில் சொன்னார். அந்தப் பெண் அழுதார். அழுது முடித்து, "எங்க போய்ப் பெத்தா நல்லது?" என்று கேட்டார். முன்கூட்டியே ஏற்பாடு செய்து பெரிய ஆஸ்பத்திரியில் பெற்றதால் குழந்தை பிழைத்தது. மொனராகலைப் பக்கத்தில் இன்னொரு தாயிடமும் அப்படியே சொன்னார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் தாய் அதை மடியில் வைத்துப் பார்த்து, பெயர் வைத்து அனுப்பினார். ஆய்வுக்கு இரண்டுமே தகவல்தான். அக்கா இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்.

பிறகு நோய் அவருக்கே வந்தது. வார்ட்டில் டொக்டர் அத்தானைக் கண்ணால் சைகை காட்டி வெளியே கூப்பிட்டார்.

"டொக்டர், படுத்திருக்கிறது நான். என்கிட்ட சொல்லுங்க," என்றார் அக்கா.

அத்தான் ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். டொக்டர் உட்கார்ந்து, புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருப்பதை அக்காவிடமே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானிடம் கேட்டது ஒன்றுதான்: "புள்ளய எங்க வச்சீங்க? நடக்க முடியும்போதே காட்டிருங்க."

நானும் கூடப் போனேன். மயானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் சுத்தமாக வெட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஆமா. அப்பப்ப வருவேன்."

"இத்தன வருசமா? என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

அக்கா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பக்கத்தில் அத்தானும் உட்கார்ந்தார்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், ஆய்வுக் குழுவினருக்கும், இறுதிச் செபத்தை நடத்திய பாதருக்கும், குழி வெட்டியது முதல் தேத்தண்ணி கொடுத்தது வரை உடனிருந்த தோட்டத்து மக்களுக்கும், இந்த ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை மகளுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறோம். இப்போது அத்தான் அங்கே போகும்போது எங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.