அடுப்புக்கு நேராக ஒரு ஜன்னல்

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் வைத்த பெயர் ‘சொட்டு’. குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. தகடு அடித்து, ஜன்னல் மாட்டி, பெயிண்ட் காய்ந்து, வண்டி வெளியே போவதற்கு முன்னால் ரப்பர் குழாயை வைத்து மேலே மழை மாதிரித் தண்ணீர் அடிப்பார்கள். உள்ளே ஒரு ஆள் டார்ச்சோடு உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆள்தான் எங்கள் அத்தான். ஒரு சொட்டு விழுந்தால் போதும், கட்டினவனைக் கையோடு கூட்டி வந்து அந்தச் சொட்டைக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை. முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அக்காவைப் பார்த்ததைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார் என்று அப்பா கடைசிவரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் என்றாலே அவருக்கு ஆகாது. பஸ்ஸில் ஒழுகுவதெல்லாம் ஜன்னல் ஓரத்தில்தான். மழைக்காலம் முழுக்க வரும் புகார் எல்லாம் அவர் தலையில்தான் விடியும். “ஜன்னலே இல்லாத பஸ்தான் நல்ல பஸ்” என்று சொல்லுவார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. கட்டடத்துக்கு அடியில் நீளமான அறை. இந்தக் கோடியில் துவைக்கும் மிஷின்கள், அந்தக் கோடியில் மேஜை. மேஜையில் படுக்கை விரிப்புகளை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து அடுக்க வேண்டும். காலையிலும் டியூப்லைட், மாலையிலும் டியூப்லைட். வெளியே மழையா வெயிலா என்று மேலிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அப்படியே அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை அக்காவுடையது. அதற்கு வண்டி கட்டுகிறேன் என்று கிளம்பியது அத்தான்.

“ரிட்டயர் ஆனதுக்கப்புறம் போலாமே, என்ன அவசரம்?” என்று நான்தான் கேட்டேன்.

“ரிட்டயர் ஆனா பிரேக்கை யார் மிதிப்பா? என் முழங்கால் இப்பவே முனகுது” என்றார். சேர்த்து வைத்த லீவு மூட்டையாக இருந்தது. அதை அரைச் சம்பளத்தில் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அக்கா சம்பளமே இல்லாமல் லீவு எழுதிக் கொடுத்தாள்.

வண்டி என்று அவர் கொண்டுவந்து நிறுத்தியது, ரொட்டிக் கம்பெனி ஏலத்தில் விட்ட பழைய வேன். ரொட்டிக்கு வேடிக்கை பார்க்கிற வழக்கம் கிடையாது என்பதால் பின்பக்கம் பெட்டி மாதிரி நாலு பக்கமும் தகடு. டிரைவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அதை எடுத்தால் பாடி ஆட்டம் கொடுக்கும் என்று அப்படியே விட்டுவிட்டு, டீ டம்ளர் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் மட்டும் போட்டார். கட்டில், பாத்திர அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் அளவெடுத்துச் செதுக்கின மாதிரி வந்தது. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பெரிய டிரம்மைக் கட்டினார்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. “அடுப்புக்கு நேரா ஒரு ஜன்னல் வச்சுக் கொடுங்க. சமைச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு வருவேன்.”

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. மறுத்திருந்தால் அக்கா அன்றைக்கே சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். அவர் ஒரு பழைய பஸ் ஜன்னலைச் சட்டத்தோடு, கண்ணாடியோடு வாங்கி வந்து, பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். “முதல்ல ஒரு நல்ல மழை பாக்கலாம். பாடி எங்கயும் ஒழுகலைன்னு தெரிஞ்சா, வழியிலயே மாட்டிடறேன்” என்றார்.

“அத்தான், எங்க அக்கா என்ன ரொட்டியா?” என்று கேட்டேன்.

“போம்மா, உனக்கு எப்பவும் விளையாட்டு” என்றார்.

அவர்கள் கிளம்பிய பிறகு எனக்கு எல்லாம் போன் வழியாகத்தான். சிக்கனத்தில் அத்தானை மிஞ்ச முடியாது. வண்டியை வேகமாக ஓட்டினால் டீசல் குடிக்கும் என்று மாட்டு வண்டி வேகத்தில் போவார். காசு கேட்கும் இடத்தில் வண்டியை நிறுத்த மாட்டார். ஏரிக்கரை, மலையடிவாரம், அருவிப் பக்கம் எல்லாவற்றிலும் நிறுத்தக் கட்டணம் உண்டே! ஆகவே பெட்ரோல் பங்க் பின்புறம், மார்க்கெட் பின்புறம், சிமெண்ட் கிடங்கின் பின்புறம். “இந்த நாட்டோட முதுகு பூரா எனக்கு மனப்பாடம்டி. முகத்தைத்தான் இன்னும் பாக்கலை” என்று அக்கா சிரித்தாள். முதல் மாதம் அவளால் சிரிக்க முடிந்தது.

அத்தான் அவளை மறந்துவிட்டு ஓட்டினார் என்று சொன்னால் பாவம். அவருக்கு முன்னால் பெரிய கண்ணாடி. பார்த்ததையெல்லாம் துவாரம் வழியாக அவளுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். “மலை வருது! பெரிய மலை! உச்சியில வெள்ளையா மேகம்!” என்று கத்துவார். தகட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து அக்கா “ம்” என்பாள். “ஆறு! எவ்ளோ தண்ணி!” “ம்.” சொல்லிவிட்டால் காட்டியதாகிவிடும் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினார்.

பிறகு அந்த நல்ல மழை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு டார்ச்சோடு உள்ளே வந்து, பட்டறையில் செய்கிற மாதிரியே மூலை மூலையாகப் பார்த்தாராம். ஒரு சொட்டு இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணமானதிலிருந்து பார்த்ததில்லை என்றாள் அக்கா. அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறாள்: “ஒழுகலையே. இப்ப ஜன்னலை மாட்டிடலாமா?”

அத்தான் அவளை அதிசயமாகப் பார்த்தாராம். “ஒழுகாத வண்டியில யாராவது ஓட்டை போடுவாங்களா?”

தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிறவர்களிடம் சண்டை போடலாம். இவர் அப்படிக் கூடச் சாதிக்கவில்லை. அது கேட்கவே கூடாத கேள்வி என்பதுபோலப் பதில் சொல்லிவிட்டு டீ கேட்டார். அக்கா போட்டுக் கொடுத்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, ஜன்னலுக்கு மேலேயே படுத்துக்கொண்டு, வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவள் பாதி தேசத்தைக் கடந்தாள். “சலவை ரூமே தேவலைடி. அங்க கூட யாராவது இறங்கி வந்து நாலு வார்த்தை பேசுவாங்க” என்று அடுத்த போனில் சொன்னாள். அதில் சிரிப்பு இல்லை.

கடல்தான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. அக்கா கடலைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் அவ்வளவு தூரம். கடற்கரைச் சாலை ஒரு நாள் முழுக்க ஓடுகிறது. அத்தான் தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டு வந்தார். “கடல்! கடல் பாரு! படகு! ஏ அப்பா, எத்தனை படகு!” எதைப் பார்ப்பாள்? துவாரத்தில் கண் வைத்தால் அவர் முதுகுதான் தெரியும். “நிறுத்துங்களேன், ஒரு நிமிஷம் இறங்கறேன்” என்று துவாரத்தில் வாய் வைத்துச் சொன்னாள். கரையோரம் எங்கும் கட்டணப் பலகை. “இரு, இரு, சும்மா நிறுத்தற மாதிரி ஒரு இடம் வரட்டும்” என்றார்.

அந்த இடம் சாயங்காலம் வந்தது, ஒரு ஐஸ் கட்டித் தொழிற்சாலையின் பின்புறம். அத்தான் கதவைத் திறந்துவிட்டார். அக்கா இறங்கினாள். எதிரே ஈரச் சுவர், சுவரோரம் ஐஸ் லாரி.

“கடல் எங்கங்க?”

“தாண்டி வந்துட்டோமே. திரும்பி வரும்போது பாத்துக்கலாம்.”

மறுநாள் காலை தண்ணீர் பிடிப்பதற்காக அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினார். டிரம் நிறைந்ததும் திரும்பிப் பார்த்தால் அக்கா கையில் பையோடு நிற்கிறாள்.

“நான் பஸ்ல போறேங்க. கடலோரமாவே போற பஸ் இருக்காம்.”

“எங்க போற?”

“வீட்டுக்கு.”

கேலி செய்கிறாள் என்று அத்தான் சிரித்தார். அவள் ஏறி, கடல் பக்கம் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் அத்தானின் சிரிப்பு நின்றது.

இதற்கப்புறம் நடந்ததை அத்தானே என்னிடம் சொன்னார், குனிந்த தலை நிமிராமல். அவர் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே வேனை ஓட்டினார், டீசலைப் பற்றிய கவலையே இல்லாமல். பஸ்ஸின் முதுகில், விளக்குக்கு மேலே, அவர் பட்டறையின் பெயர்த் தகடு. அவர் உள்ளே உட்கார்ந்து சொட்டுப் பார்த்து அனுப்பிய வண்டி. வளைவில் திரும்பும்போதெல்லாம் மூன்றாவது ஜன்னலில் அக்காவின் தலை தெரியும். சேலைத் தலைப்பு வெளியே பறந்துகொண்டிருந்தது. “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஜன்னல் வச்சுக் கொடுத்தேன். எத்தனைன்னு கணக்கே இல்லைம்மா” என்றார். வழக்கமாக நான் சும்மா இருக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

டீ குடிக்கப் பஸ் நின்ற இடத்தில் அவரும் நிறுத்தினார். கட்டியிருந்த கயிற்றை அறுத்து, பிடித்த தண்ணீரையெல்லாம் சாலையோரம் கொட்டி, டிரம்மைத் தூக்கி எறிந்தார். அந்த இடத்தில் கட்டில் மெத்தையை மடித்துப் போட்டு, அக்காவைத் தேடிக்கொண்டு போனார். அவள் முன்பின் தெரியாத ஒரு அம்மாவோடு டீ டம்ளரும் கையுமாக நின்று, படகுகளைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு அங்கேதான் உறைத்தது.

“இறங்கிட்டல்ல, வா. டிரம்மை எடுத்துட்டேன். என் பக்கத்துலயே உக்காந்துக்கலாம்” என்றார்.

“கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டேங்க. வீணாப் போயிடும்” என்றாள் அக்கா. குத்திக் காட்டவில்லை. அவர் பாணியில் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள், அவ்வளவுதான். பஸ் கிளம்பியது. ஏற்றத்தில் ரொட்டி வேன் மூச்சு வாங்கிப் பின்தங்கியது. பஸ் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அக்கா பஸ் மாறி பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் கடலைப் பற்றி என்னிடம் பேசினாள் பாருங்கள், தட்டில் சோறு காய்ந்துபோனது. ஒருவாரம் கழித்து அத்தான் வந்தார். அக்கா கதவைத் திறந்து, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். திட்டவில்லை. அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். மீதி லீவை ரத்து செய்துவிட்டு இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். வேன் தெருவோரம் நின்றது. அதன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அத்தான் ரிட்டயர் ஆன மாதம்தான் மறுபடியும் தகடு வெட்டும் சத்தம் கேட்டது. அடுப்புக்கு நேராகச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வெட்டி, அந்த ஜன்னலை மாட்டினார். முன்னால் பக்கத்து சீட்டைத் திரும்பப் பொருத்தி உறையும் தைத்துப் போட்டார். எல்லாம் முடிந்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். அக்காவைத் தனியாகக் கூப்பிட அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். அடுப்பு மேடை முன்னால் நின்று கண்ணாடியை நகர்த்தினாள். எதிரே பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அத்தான் டிரைவர் சீட்டில் ஏறி இன்ஜினைக் கிளப்பிவிட்டு, துவாரம் வழியாகப் பேசினார்.

“கடலுக்கே போலாம். நீ சொல்ற இடத்துல எல்லாம் நிறுத்தறேன். காசு கொடுத்தே நிறுத்தறேன்.”

“நல்லா போட்டிருக்கீங்க. ரப்பர் கூட வளையாம நேரா உக்காந்திருக்கு” என்றாள் அக்கா. பிறகு கண்ணாடியை மூடிவிட்டு மெதுவாக இறங்கினாள்.

அத்தான் அவசரமாகச் சுற்றி வந்தார். “இன்னும் கோபமா?”

“கோபமா? அது எப்பவோ போயிடுச்சுங்க.”

“அப்புறம் என்ன?”

பொய் சொல்ல அக்காவுக்கு வராது. “நீங்க தகடு வெட்டற சத்தம் கேட்டதுலேர்ந்து நானும் மனசைக் கிளப்பிப் பாத்துட்டேன். அந்த ஆசை வரவே மாட்டேங்குது. வந்தா சொல்றேன்.”

கோபமாக இருந்திருந்தால் அத்தான் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பார். நானும் கூடச் சேர்ந்து அக்காவைத் திட்டி வண்டியில் ஏற்றியிருப்பேன். ஆசையை யார் ஏற்றிவிடுவது? என் வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்கு எனக்கு அத்தானை நினைத்து அழுகை வந்தது.

“வாங்க, சோறு ஆறுது” என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குள் போனாள். அத்தான் வேன் பக்கத்திலேயே நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்தான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.